முதல் மாடி அக்காவின் டார்ச்

எங்கள் அஸ்தினாபுரம் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் ஆண்கள் இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பல்பையாவது தானே மாட்டியவர் என்று அவர்களில் ஒருவரையும் கைகாட்ட முடியாது. நான் அந்தக் கூட்டத்துக்கு இயற்கையான தலைவன். அப்படிப்பட்ட கட்டிடத்தில் ஐந்தாறு வருடங்கள் பிளம்பரும் எலெக்ட்ரீசியனும் படியேறவே இல்லை என்றால், அதற்கு முதல் மாடி அக்காதான் காரணம்.

அக்கா எதையும் ரிப்பேர் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரிப்பேர் செய்வது நீங்கள். அக்கா டார்ச் பிடிப்பார்.

பெயர் எனக்குத் தெரியாது. அறுபத்தெட்டு வயது ரிட்டயர்டு பேங்க் மேனேஜரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்துகூட நிறைந்திருக்காது. குள்ளமான உருவம். நைட்டிமேல் ஒரு துண்டு. மூக்குக் கண்ணாடி தொலையாமலிருக்க அதற்கு ஒரு கயிறு. கையில் மூன்று பேட்டரி போடும் நீள டார்ச். எல்லோர் போனிலும் வெளிச்சம் இருக்கிறதே என்றால், "அது பரவும் சார். இது குத்தும். பார்க்கறதுக்குக் குத்தற வெளிச்சந்தான் வோணும்" என்பார். இப்போது மகளோடு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார். அங்கேயும் யாரோ ஒரு அப்பாவி ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குப் பழக்கமானது ஃப்ளஷ் டேங்க் மூலமாக. அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் நான்கு நாட்களாக, "அஸ்தினாபுரம் மெயின் ரோட்லதான் வந்துகினு கீறேன் சார்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டின் மொத்த நீளம் எனக்குத் தெரியும். ஆமைகூட இரண்டு முறை வந்துபோயிருக்கும். ஐந்தாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. பிளம்பர் இல்லை.

"இன்னா சார், உங்க வூட்டுத் தண்ணி என் தலைக்கு மேல ஓடினு கீது. தொறந்து பார்த்தீங்களா?"

"பிளம்பர் வரேன்னு சொல்லியிருக்கார் அக்கா."

"அவரு வந்து இன்னா பண்ணுவாரு? மூடியத் தொறந்து பார்ப்பாரு. அத நீங்களே பாருங்க. நான் டார்ச் புடிக்கிறேன்."

"எனக்கு இதெல்லாம் வராது அக்கா. இன்னும் கெட்டுப்போயிடும்."

"ஏற்கெனவே கெட்டதுதான சார்? இன்னும் எவ்ளோ கெடும்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையத் தத்துவப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றிலும் இல்லை.

மூடியைத் திறந்தேன். டார்ச் வெளிச்சம் உள்ளே ஒரு இடத்தில் போய் நின்றது. மிதக்கிற பந்தின் கம்பி கொக்கியிலிருந்து கழன்றிருந்தது. தலை முதல் கால்வரை நனைந்தபடி அதை மாட்டினேன். ஓட்டம் நின்றது. அக்கா எட்டிப் பார்த்து, "பாஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லி டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் அன்று முழுவதும் துண்டோடு வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருந்தேன். கங்கையை வரவழைத்தவனுக்கே அவ்வளவு பேர் என்றால், நிறுத்தியவனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

அவரிடம் மொத்தம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, மேலே சொன்ன "இன்னும் எவ்ளோ கெடும்?" இரண்டாவது, "மொதல்ல கரண்ட்டப் புடுங்குங்க." ஃப்ளஷ் டேங்குக்கும் இதைத்தான் சொன்னார், நானும் தேடினேன். மூன்றாவது, "எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாதான் போவும்." மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரெகுலேட்டர், குழாய், ஒருமுறை ஒரு ஹார்மோனியம் என்று சகலத்துக்கும் இந்த மூன்றே போதுமானதாக இருந்தது. கூடவே அந்த வெளிச்சம். எங்கே குத்துகிறதோ அங்கேதான் கோளாறு இருக்கும்.

மூன்றாம் மாடி மேனேஜர் முப்பத்தைந்து வருடம் கையெழுத்து மட்டுமே போட்டவர். அவரை அக்கா கிரைண்டரைக் கவிழ்த்துப்போட்டு பெல்ட் மாட்ட வைத்தார். மாட்டிய பிறகு அவர் நடையே மாறிவிட்டது. ஒரு மாதம்வரை படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம், "உங்காத்து கிரைண்டர் பெல்ட் எப்படி இருக்கு?" என்று உடம்பு விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஏன் எதையும் தொடுவதில்லை என்பது எங்கள் கட்டிடத்தின் நிரந்தரப் பட்டிமன்றத் தலைப்பு. வேண்டுதல் என்றார்கள். கணவருக்கு ஷாக் அடித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கணவர் தினமும் மாலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்ததால் அந்தக் கட்சி பலவீனமடைந்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் என்பது மட்டும் நிச்சயம். அங்கே பெரிய பெரிய மெஷினெல்லாம் இவர் கையால்தான் ஓடியது என்று மேனேஜர் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நான்தான் சொன்னதாகச் சொன்னார்.

என் மனைவி ஒருமுறை நேரிடையாகவே கேட்டாள். "ஏன்க்கா, ஒரு தடவை நீங்களே பண்ணிக் காட்டலாம்ல?"

"நான் பண்ணா அது நான் பண்ணதாயிடும் டீச்சர்."

இந்தப் பதிலின் ஆழத்தில் நாங்கள் இருவரும் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தோம்.

டீச்சர் என்பது மரியாதைக்குச் சொன்னதில்லை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். அதோடு ஏழு வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி. செம்பாக்கம் ஏரியிலும் சிட்லபாக்கம் ஏரியிலும் உள்ள நத்தைகளைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் குந்தி அவற்றை எண்ணிக்கொண்டிருப்பாள். நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். நத்தைகளைப் பற்றி வேகமாக எழுத முடியாது என்று ஒருமுறை நகைச்சுவையாகச் சொன்னேன். அன்று எனக்கு மதியச் சாப்பாடு சற்றுத் தாமதமாகக் கிடைத்தது.

ஏழு வருட நத்தைகளும் ஒரே லேப்டாப்பில் இருந்தன. அதன் பொத்தானை அமுக்கிவிட்டுப் பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரையில் ஏதாவது தெரியும். அந்த ஆண்டு அது புதிதாக ஒரு சத்தமும் போட ஆரம்பித்தது. கர்ர்ர் என்று இழுத்து, டொக் என்று ஒன்று. மூட்டுவலிக்காரர் படியேறுகிற சத்தம்.

திங்கட்கிழமை காலை ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மனைவி சொன்னாள்: "இன்னிக்குக் கடையில கொடுத்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாத்தி வாங்கிடுங்க. உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே புதுசுக்கு வந்துடணும். எப்படியும் பென் டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு, பயமில்ல."

பயமில்லை என்று நானும் சொன்னேன். மூன்று மாதம் முன்பு பென் டிரைவைக் கொடுத்து, ஒரு காப்பி போட்டு வையுங்கள் என்று அவள் சொன்னபோது, போட்டாச்சு என்று சொன்னதும் நான்தான். போடவில்லை. அதில் காரில் கேட்பதற்காகப் பழைய பாட்டுகளை நிரப்பி வைத்திருந்தேன். கைடுக்குப் போன காப்பியோ பழசு. அதன் பிறகு செய்த திருத்தமெல்லாம் லேப்டாப்பில் மட்டும். ஆக, ஏழு வருட நத்தைகளும் இருபத்திரண்டு வருட இல்லறமும் அந்த டொக் சத்தத்தின் தயவில் இருந்தன. இது எனக்கு மட்டும் தெரியும்.

மாலையில் லேப்டாப் பையோடு இறங்கும்போது அக்கா எதிர்ப்பட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் அவருக்கும் வேலை இருந்தது. இருவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் லேப்டாப்பைக் காதில் வைத்துக் கேட்டார்.

"வுட்டுட்டுப் போங்க சார். திங்கக்கெழம சாயங்காலம் வாங்க."

"திங்கட்கிழமை காலைல வேணுமே."

"ஏற்கெனவே பத்து கீது சார் வரிசையில. நான் இன்னா பண்ணட்டும்?"

அக்கா முன்னால் வந்தார். "புது டிஸ்க்க மட்டும் குடுப்பா. சாரே மாட்டிக்குவாரு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அக்காவிடமே திரும்பினார். "மேடம், உள்ள நெறையா சமாச்சாரம் கீது."

"உள்ள இன்னாப்பா கீது? எத்தத் தொறந்தாலும் பாதி தூசிதான்."

சீட்டுக்கட்டு அளவில், அதைவிட ஒல்லியாக ஒரு டிஸ்க் கொடுத்தார். அதை வெளியிலிருந்தே லேப்டாப்பில் சொருகிக் காப்பி எடுக்க ஒரு கேபிளும் கொடுத்தார். கூடவே தன் போன் நம்பர் எழுதிய அட்டையை என் சட்டைப் பையில் அவரே வைத்து, பையை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். துக்க வீட்டில் அப்படித்தான் தட்டுவார்கள்.

வீட்டில், கடையில் கூட்டம், நாளைக்குக் கொடுக்கிறேன் என்றேன். முதல் பொய்க்குத் துணையாக இன்னொன்று. மறுநாள் சனிக்கிழமை மனைவிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஐந்து மணிக்குத்தான் வருவாள். ராகு காலம் முடிந்த பத்தே முக்காலுக்கு அக்கா டார்ச்சோடு வந்தார்.

முதல் வேலை, பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதில் அப்படியே இறக்குவது. எதிலிருந்து எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்டது. மாற்றிச் சொன்னால் வெறும் டிஸ்க்கைக் கொண்டுவந்து நத்தைகள்மேல் ஊற்றிவிடும். மூன்று முறை படித்து, எழுந்து நின்று இன்னொரு முறை படித்து, அமுக்கினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு வளர ஆரம்பித்தது. அக்கா பழக்க தோஷத்தில் அந்தத் திரைமேலும் கொஞ்ச நேரம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பழைய டிஸ்க் கர்ர் என்றது, டொக் என்றது, ஆனால் ஓடியது. ஒன்று இருபத்தைந்துக்குக் கோடு முடிந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அக்கா சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"ஒன்றைலேந்து மூணு எமகண்டம் சார். மூணுக்கு மேல மாட்டிக்கலாம்."

"அக்கா, கம்ப்யூட்டருக்கு ஏது எமகண்டம்?"

"கம்ப்யூட்டருக்கு இல்ல சார். உங்களுக்கு."

சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார். கேபிளிலிருந்து கழற்றிய புதிய டிஸ்க்கும் நானும் தனியாக இருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிக் காலத்திலிருந்து நான் பகுத்தறிவு பேசுகிறவன். வீட்டு ஆயுத பூஜையில் பொரிகடலை கட்டம் வரும்போதுதான் கலந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் ஒன்றே முக்காலுக்கு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன். யாரும் இல்லை. ஏழு வருடம். திங்கட்கிழமை. என் கை தானாகச் சந்தனத்தைக் குழைத்தது.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ஸ்கூட்டருக்கு முகம் இருக்கிறது. பீரோவுக்குச் சாவித் துவாரம் இருக்கிறது. கிரைண்டருக்கு வாய். இதுவோ நாலு பக்கமும் மூளியாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள்போல் பளபளத்தன. அதுதான் முகம் என்று முடிவு செய்தேன். ஓடிவிடாமல் கெட்டியாகக் குழைத்து மேலே ஒரு பொட்டு, முகத்தில் ஒரு பொட்டு. இரண்டின்மேலும் குங்குமம். கற்பூரம் காட்டவில்லை. எனக்கும் கொள்கை இருக்கிறது.

மூன்று மணிக்கு அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டபோது வெட்கம் வந்துவிட்டது. மேலே இருந்த பொட்டை அவசரமாக வேட்டி நுனியில் துடைத்தேன். முகத்தில் வைத்ததை மறந்துபோனேன்.

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். ஒன்பது ஸ்க்ரூ. எது எந்த இடத்தில் இருந்தது என்று குழம்பாமலிருக்க இட்லித் தட்டில் குழிக்குக் குழி பிரித்துப் போட்டேன். மூடி அசையவில்லை.

"அந்த ரப்பர் கால் ஏன் சார் லேசாத் தூக்கினு கீது?"

அதன் அடியில் இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன. மூடியின் விளிம்பை நெம்ப பான் கார்டை எடுத்தேன்.

"அது மெலிசு சார், மடங்கிடும். ரேஷன் கார்டு எடுங்க."

அரசாங்கம் கொடுத்த ஸ்மார்ட் கார்டு அன்றுதான் எனக்கு முழுமையாகப் பயன்பட்டது. மூடி வந்தது. உள்ளே பாதி தூசி. அக்கா வெளிச்சத்தை அதன்மேல் ஒரு சுற்று ஓட்டினார். பழையதைக் கழற்றிப் புதியதை அதே வாயில் அழுத்தி மாட்டி, மூடி, பொத்தானை அமுக்கினேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. டிஸ்க் எதையும் காணோம், ஒன்றை மாட்டிவிட்டு வா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது.

மறுபடி கழற்றி, மறுபடி மாட்டினேன். காணோம். சரி, பழையதையாவது போடுவோம் என்று அதை மாட்டினேன். கர்ர் வரவில்லை. டொக், டொக், டொக் என்று மூன்று. அப்புறம் அதுவும் இல்லை.

மணி நாலு.

"போனாப் போவுது சார். பென் டிரைவ்ல கீதுன்னு டீச்சர் சொன்னாங்களே?"

"அதுல இல்ல அக்கா."

"அதுல இன்னா கீது?"

"பழைய பாட்டு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது. "ஏழு வருஷமாச்சே சார். கொளுத்துற வெயில்ல போய் எண்ணுவாங்களே."

"அக்கா, இனிமே என்னால ஆகாது. நீங்க ஒரு தடவை கை வைங்க. எவ்வளவோ மெஷின் ஓட்டின கை..."

"யாரு ஓட்னது?"

"மேனேஜர் சொன்னாரு."

"நான் ஒரு மெஷினும் ஓட்டல சார்." டார்ச்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருவுனா கழலும்னே இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

நானும் உட்கார்ந்தேன். தரையில்.

"அப்ப கம்பெனில?"

"கடைசி டேபிள் சார். செஞ்சு முடிச்ச பீஸ் வரும். லைட்டுக்குக் கீழ வெச்சித் திருப்பிப் பார்ப்பேன். சரியா இருந்தா பாஸ். இல்லன்னா ரிஜெக்ட். இருவத்திரெண்டு வருஷம் அதான். எனக்குப் பார்க்கத்தான் தெரியும், பண்ணத் தெரியாது."

"எங்க ஃப்ளஷ் டேங்க்? மேனேஜர் கிரைண்டர்? அந்த ஃபேன் ரெகுலேட்டரெல்லாம்?"

"அதெல்லாம் நீங்கதான சார் பண்ணீங்க?"

இத்தனை வருடம் இந்தக் கட்டிடத்தின் கரண்ட்டையும் தண்ணீரையும் விஷயம் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் சரிசெய்ததாக நினைத்திருந்தோம். உண்மையில் என்னைப் போன்றவர்களே செய்திருக்கிறோம். மேலே மூன்றாம் மாடியில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

ஆனால் போக்கிடம் இல்லாதவனுக்கு வருகிற தெளிவு ஒன்று உண்டு. புதிய டிஸ்க்கைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பார்க்கத் தெரியும்ல? பாருங்க."

அப்போதும் கையில் வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சைப் போட்டார். "திருப்புங்க... இன்னும்... அந்தப் பக்கம்... நிறுத்துங்க." வெளிச்சம் அந்தத் தங்கப் பற்களில் போய்க் குத்தியது. "வாயில இன்னா சார் செவப்பா?"

நான் வேட்டி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மஞ்சளா வேற அப்பிக்கினு கீது." இன்னும் கிட்டே குனிந்து மோந்து பார்த்தார். "சார், பொட்டு வெச்சீங்களா?"

நான் பூஜை அலமாரியைப் பார்த்தேன்.

"நீங்களா சார்?"

"எமகண்டம்னு சொன்னது யாரு?" என்று திருப்பிக் கேட்டேன். அது எடுபடவில்லை.

"ரிஜெக்ட்" என்றார். டிஸ்க்கைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

மனைவி நத்தைகளைப் போட்டு வைக்கிற ஸ்பிரிட் பாட்டில் சமையலறை மேல்தட்டில் இருந்தது. புதுப் பல்துலக்கும் பிரஷை அதில் தோய்த்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். லேப்டாப் உள்ளே அது மாட்டுகிற வாயிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதையும். அக்கா வெளிச்சத்தை நகர்த்தி நகர்த்தி, "இங்க இன்னும் கீது, இங்க இன்னும்" என்றார். ஃபேனுக்குக் கீழே காயவைத்தோம். நாலே முக்காலுக்கு மாட்டி, பொத்தானை அமுக்கினேன்.

பத்து எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது. ஆய்வேட்டைத் திறந்தேன். முதல் படத்தில் செம்பாக்கம் ஏரி நத்தை ஒன்று கொம்பை நீட்டி என்னைப் பார்த்தது. இவ்வளவு அழகான பிராணியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பழைய பாட்டுகளை அத்தனையும் அழித்துவிட்டு, பென் டிரைவில் காப்பி போட்டேன்.

"வெளிய சொல்லிடாதீங்க சார்" என்றார் அக்கா.

"நீங்களும்" என்றேன்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். பையை வைத்ததும் லேப்டாப்பிடம்தான் போனாள். பொத்தானை அமுக்கிவிட்டுப் பால் வைக்கத் திரும்பியவள், சத்தம் கேட்டு நின்றாள். அதற்குள் திறந்துவிட்டிருந்தது.

"அடேங்கப்பா! எந்தக் கடைங்க?"

"தாம்பரத்துல," என்றேன். கடை தாம்பரத்தில்தானே இருந்தது.

"நல்ல கடை டீச்சர்" என்றார் அக்கா.

மனைவி உட்கார்ந்து ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்து பார்த்தாள். எல்லா நத்தைகளும் இருந்தன. பத்து நிமிடம் ஆகியிருக்கும். லேப்டாப் லேசாகச் சூடாகத் தொடங்கியது. அவள் மூக்கைச் சுளித்தாள். குனிந்து கீபோர்டை மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது, லேப்டாப்லேர்ந்து சந்தன வாசனை வருது?"

நான் ஃபேனைப் பார்த்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். டார்ச்சை லேப்டாப்பின் ஓரமெல்லாம் ஒருமுறை நிதானமாக ஓட்டினார்.

"புது டிஸ்க்குன்னா மொத நாலு நாளு அப்படித்தான் டீச்சர் வரும்."

மனைவி தலையாட்டிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். ஸ்க்ரூ எந்தப் பக்கம் கழலும் என்று தெரியாத அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். சந்தனம் குழைத்த என் விரலைப் பார்த்தேன். எனக்கே, இருக்கும் என்று தோன்றியது.